கூச்சமாம், சுபாவமாம்!

'சேரிப் பசங்க கிளாஸ்ல வாயே தெறக்க மாட்டாங்க, கூச்ச சுபாவம்' என்கிறார்கள் கல்லூரி ஆசிரியர்கள். இதே பிள்ளைகள் தெருக் கூட்டத்தில், பஸ்ஸில், கபடிக் களத்தில் வாய் ஓயாமல் பேசுகிறார்கள். வகுப்பு வாசலைத் தாண்டியதும் வந்து ஒட்டிக்கொள்வது எப்படிப் பிறவிக் குணமாகும்?

இரட்டைமலை சீனிவாசன் தன் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் (1939) கோயம்புத்தூரில் படித்த காலத்தைச் சொல்கிறார். சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவரெல்லாம் பிராமணர்கள். சாதி தெரிந்தால் கேவலமாக நடத்துவார்களென்று பயந்து, மணி அடிக்கும்வரை வெளியே எங்காவது படித்துக்கொண்டிருந்துவிட்டு வகுப்புக்குள் போவார். விட்டதும் யாரும் எட்டாதபடி வேகமாக வீட்டுக்கு நடப்பார். அவர்தான் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் நமக்காகப் பேசினார். அவருக்கா கூச்ச சுபாவம்? வாயைத் திறந்தால் சாதி வெளியே வந்துவிடும் என்ற கணக்கு அது. அந்தக் கணக்கை நம் பிள்ளைகள் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பேச்சுல ஊர் தெரியும், ஊர்ல தெரு தெரியும். இங்கிலீஷ் தடுமாறினால் முன்பெஞ்சு சிரிக்கும். 'கோட்டாவுல வந்தவன்' என்று முணுமுணுக்கும். இன்டர்னல் மார்க் ஆசிரியர் கையில். ஆபீசிலிருந்து ஸ்காலர்ஷிப் பட்டியல் வருகிற அன்றைக்குத்தான் அவனைப் பேர் சொல்லி எழுந்து நிற்கச் சொல்கிறார்கள். அப்படி நிறுத்திய இடத்தில் சந்தேகம் கேட்க எவன் எந்திரிப்பான்?

ஆசிரியப் பெருமக்களே, 'டவுட் இருக்கா?' என்றபடியே டஸ்டரை எடுக்காதீர்கள். கேட்டுவிட்டு ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேசவிட்டு மறுபடியும் கேளுங்கள். பேர் போடாத சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுநாள் பாடத்தை அதிலிருந்து ஆரம்பியுங்கள். 'வெளங்கல சார்' என்பதும் கேள்விதான். சிரிக்கிற பெஞ்சை அடக்குவது உங்கள் வேலை. ஸ்காலர்ஷிப் பட்டியலை வகுப்பில் வாசிப்பதை முதலில் நிறுத்துங்கள்.

தம்பி, தங்கச்சிகளே, அவங்க மாறட்டும்னு காத்திருந்தா அரியர் விழறது நமக்குத்தான். தனியா எந்திரிக்கப் பயமா? ராத்திரி விடுதியில நாலு பேரா உட்கார்ந்து கேள்விய எழுதுங்க. ஒருத்தர் கேட்கட்டும், மத்த மூணு பேரும் பக்கத்துல உட்காருங்க. சிரிச்சா, அதே கேள்விய அடுத்தவர் எந்திரிச்சுக் கேட்கட்டும். நம்ம தமிழ்லயே கேளுங்க. கல்லூரி எவன் பாட்டன் வீட்டுத் திண்ணையும் இல்ல. கூலிக்குப் போற நம்ம ஆத்தா வாங்குற தீப்பெட்டியிலயும் வரி இருக்கு. அந்தக் காசுலயுந்தான் அவங்க சம்பளம் ஓடுது. பதில் சொல்லட்டும்.