மணிக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள்

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளக் கிளம்புகிறவர்கள் பயிற்சிப் பள்ளியில் கேட்கும் முதல் கேள்வி "ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு?" என்பதுதான். பதில் வந்த கையோடு அதை 40-ஆல் பெருக்குகிறார்கள். பிபிஎல் என்கிற தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பது இந்திய விமானப் போக்குவரத்தை நெறிப்படுத்தும் டிஜிசிஏவின் விதி. பெருக்கி வந்த தொகைதான் மொத்தச் செலவு என்று முடிவு செய்கிறார்கள். நாலு இடத்தில் விசாரித்து, எங்கே குறைவோ அங்கே பணத்தைக் கட்டுகிறார்கள். அப்பா, மாமா, பக்கத்து வீட்டு இன்ஜினீயர், வங்கி மேலாளர் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கணக்கு இது.

இந்தக் கணக்கு அடியோடு தவறு. நகையையும் மனையையும் அடகு வைத்துப் பிள்ளையை அனுப்புகிற குடும்பங்களைப் பாதி வழியில் நிறுத்துவது பெரும்பாலும் இதுதான்.

முதலில் அந்த 40-ஐ எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் 40, அமெரிக்காவிலும் பொதுவாக 40, ஐரோப்பாவில் 45. இவ்வளவு பறந்தால் உரிமம் கிடைத்துவிடும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. இதற்குக் குறைவாகப் பறந்தவரைத் தேர்வுக்கே எடுக்கக்கூடாது என்பதுதான் விதியின் பொருள். அமெரிக்கப் பயிற்சி வட்டாரத்தில் சாதாரணமாகச் சொல்லப்படும் சராசரி 60 முதல் 75 மணி நேரம். வீட்டுக்கு வீடு கார் ஓட்டி, ஊருக்கு ஊர் சிறு விமானத் திடல் வைத்திருக்கிற நாட்டின் நிலவரம் அது. நம் பிள்ளை மட்டும் சரியாக நாற்பதாவது மணியில் தேர்வில் தேறிவிடும் என்று எந்தத் தைரியத்தில் பட்ஜெட் போடுகிறோம்?

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பள்ளியில் மணிக்கு 12,000 ரூபாய், இன்னொன்றில் 15,000. நம் ஊர்க் கணக்கில் முதல் பள்ளிதான் மலிவு. நாற்பதால் பெருக்கினால் 1,20,000 ரூபாய் மிச்சம். ஆனால் முதல் பள்ளியில் வாரம் ஒரு முறைதான் விமானம் கிடைக்கிறது, அங்கே தேற 70 மணி ஆகிறது. இரண்டாவதில் வாரம் நாலு முறை பறக்கவிடுகிறார்கள், 50 மணியில் முடிகிறது என்றால்? முதல் பள்ளிக்கு 8,40,000, இரண்டாவதற்கு 7,50,000. மலிவுப் பள்ளிக்குத்தான் 90,000 ரூபாய் கூடுதல். அதோடு, வாரம் ஒன்று என்று பறந்தவர் ஒன்றரை வருடம் விடுதி வாடகையும் மெஸ் காசும் கட்டியிருப்பார்.

இடைவெளி விட்டால் ஏன் இவ்வளவு மணி நேரம் கூடுகிறது என்பது வெளியில் இருப்பவர்களுக்கு விளங்குவதில்லை. தரையிறங்கும் கடைசிச் சில நொடிகளைப் பாருங்கள். செஸ்னா 152 மாதிரி ஒரு சின்ன விமானம் ஓடுபாதையைத் தொட இன்னும் பத்துப் பதினைந்து அடி இருக்கிறது. அதுவரை மூக்கைக் கொஞ்சம் கீழே வைத்து இறங்கி வந்த மாணவர், இப்போது கண்ணை ஓடுபாதையின் தூரக் கோடிக்குக் கொண்டுபோக வேண்டும். இன்ஜின் வேகத்தை முழுதும் குறைத்து, கைப்பிடியைத் துளித் துளியாகத் தன் பக்கம் இழுக்க வேண்டும். ஒரு துளி அதிகம் இழுத்தால் விமானம் மேலே எழும்பி, வேகம் செத்து, தொப்பென்று விழும். ஒரு துளி குறைந்தால் முன்சக்கரம் முதலில் தரையில் மோதும். எவ்வளவு இழுப்பது என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. காற்றைப் பொறுத்து, எடையைப் பொறுத்து, ஒவ்வொரு முறையும் மாறும். சர்க்யூட் என்று சொல்லப்படும் வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றி, இறங்கி, ஏறி, மறுபடி இறங்கித்தான் அது கைக்கு வரும்.

அப்படி வந்தது பத்து நாள் பறக்காவிட்டால் போய்விடும். அடுத்த முறை ஏறும்போது முதல் இருபது நிமிடம், போன முறை கற்றதை மீட்பதிலேயே கழியும். அந்த இருபது நிமிடத்துக்கும் மீட்டர் ஓடும், காசும் கட்டியாக வேண்டும். இப்படி மீட்டெடுத்த இருபது நிமிடங்கள் சேர்ந்துதான் 50 மணி 70 மணி ஆகிறது. பறக்கும் நேரம் ஜவுளிக்கடையில் மீட்டர் கணக்கில் கிழித்துத் தரும் துணி மாதிரி, எங்கே எப்போது வாங்கினாலும் அதே சரக்கு என்று நினைப்பதுதான் இந்தத் தவறுக்கு வேர்.

மணி நேரம் என்பதே பள்ளிக்குப் பள்ளி வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். பல சிறு விமானங்களில் இரண்டு மீட்டர்கள் இருக்கும். ஹாப்ஸ் மீட்டர் பெரும்பாலும் இன்ஜின் ஓடத் தொடங்கியதிலிருந்து நிற்கும் வரை கடிகாரம் மாதிரி ஓடும். டாக்கோ மீட்டர் இன்ஜின் சுழலும் வேகத்தைப் பொறுத்து ஓடும். தரையில் மெதுவாக ஓடுகையில் அதுவும் மெதுவாகவே நகரும். ஒரு பள்ளி ஹாப்ஸ் கணக்கில் 12,000 என்கிறது, இன்னொன்று டாக்கோ கணக்கில் 13,500 என்கிறது என்றால் எது மலிவு? பயணிகள் விமானங்கள் வந்துபோகும் நிலையத்தில் பயிற்சி என்றால், மாணவரின் சின்ன விமானம் ஓடுபாதை ஓரத்தில் இன்ஜின் உறும நின்று அனுமதிக்குக் காத்திருக்கும். ஒன்றன்பின் ஒன்றாகப் பெரிய விமானங்கள் இறங்கும். கால் மணி நேரம் போய்விடும். மாணவர் ஓர் அடிகூட மேலே எழவில்லை, பில் மட்டும் எழுந்துவிட்டது. ஆளரவமில்லாத திடலில் மணிக்கு ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்தாலும் அது லாபம். அந்தக் கட்டணத்தில் எரிபொருள் சேர்த்தியா, இன்ஸ்ட்ரக்டர் சம்பளம் தனியா, எரிபொருள் விலை ஏறினால் நடுவில் கட்டணம் ஏறுமா என்பதெல்லாம் அடுத்த கேள்விகள். இவற்றைக் கேட்காமல் இரண்டு பள்ளிகளின் கட்டணத்தை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

அப்படியானால் பள்ளியை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்டால் விளம்பரத்தில் இருக்கும் எண்ணைச் சொல்வார்கள். பயிற்சி விமானங்களை 50 மணி, 100 மணி பறந்ததும் பரிசோதனைக்கு நிறுத்தியாக வேண்டும். உதிரிபாகம் வராமல் மாதக்கணக்கில் கொட்டகையில் கிடப்பவையும் அந்த எண்ணில் சேர்த்தி. கேட்க வேண்டிய கேள்வி: நேற்று எத்தனை விமானம் பறந்தது? போன மாதம் ஒரு மாணவர் சராசரியாக எத்தனை மணி பறந்தார்? சேர்ந்தவர்களில் எத்தனை பேர் எத்தனை மாதத்தில் முடித்தார்கள்? காலை ஏழு மணிக்கு அங்கே போய் நில்லுங்கள். காற்று அடங்கியிருக்கும் அந்த அருமையான நேரத்தில் விமானங்கள் வானத்தில் இருக்க வேண்டும். மூன்று விமானம் போர்வை போர்த்தி நிற்க, சீருடை போட்ட பிள்ளைகள் வாசல் டீக்கடையில் நின்றால், மணிக்கு எவ்வளவு என்று கேட்காமலே திரும்பி வந்துவிடலாம். அந்தப் பிள்ளைகளிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். வரவேற்பறை சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

விமானம் தொடர்ந்து பறப்பதுதான் முக்கியம் என்பதை அரசே உணர்ந்திருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் இருக்கும் இந்திரா காந்தி தேசிய விமானப் பயிற்சி அகாடமி, பறக்கும் நேரத்தைக் கூட்டுவதற்காகவே மகாராஷ்டிரத்தின் கோண்டியாவிலும் கர்நாடகத்தின் கலபுரகியிலும் பயிற்சியைத் தொடங்கியது; வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும் பறக்க ஆரம்பித்தது. டிஜிசிஏ 2025-இல் முதன்முறையாகப் பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்துப் பட்டியல் வெளியிட்டது. அதில் ஒரு பள்ளிகூட மேல்வரிசைத் தரங்களான ஏ பிளஸ், ஏ இரண்டிலும் வரவில்லை. எல்லாம் பி, சி என்றே அமைந்தன. லட்சக்கணக்கில் பணம் கட்டப்போகும் பெற்றோர் எத்தனை பேர் அந்தப் பட்டியலைப் பார்த்திருக்கிறார்கள்? கல்யாண மண்டபம் பிடிக்கப் பத்து இடம் ஏறி இறங்குகிறவர்கள் இதற்கு ஒரு தொலைபேசி அழைப்போடு நிறுத்திக்கொள்வதைப் பார்க்கையில் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பருவமும் பட்ஜெட்டில் ஒரு வரி. ஆரம்பப் பயிற்சி முழுக்கக் கண்ணால் பார்த்துப் பறப்பது. அதற்குப் பொதுவாக 5 கிலோமீட்டர் வரை தெளிவாகத் தெரிய வேண்டும். டிசம்பர், ஜனவரியில் வட இந்தியச் சமவெளியை மூடுபனி மூடிவிடும். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை. மழை தொடங்கும் மாதத்தில் சேர்ந்து விடுதியில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கும் வாடகை உண்டு.

அடுத்தது, எனக்கு மிகவும் கோபம் வரும் இடம். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி என்பார்கள். மணிக்கு எவ்வளவு என்று மட்டுமே பார்க்கப் பழகியவர் இதில் உடனே விழுவார். 2008 பிப்ரவரி 3-ஆம் தேதி, அமெரிக்காவில் பல மாநிலங்களில் கிளை வைத்திருந்த சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் பயிற்சி நிறுவனம் ஒரே நாளில் கதவைச் சாத்தியது. 2,500-க்கும் மேற்பட்ட மாணவர்கள் நடுவில் நின்றார்கள். பலர் 70,000 டாலர் வரை கடன் வாங்கி முன்பணமாகக் கட்டியவர்கள். பறக்கவில்லை, ஆனால் கடன் நின்றது. அந்த நாட்டில்தான் அப்படி என்று எண்ண வேண்டாம். 2023 ஏப்ரலில் ஸ்காட்லாந்தின் டண்டீயில், அரை நூற்றாண்டுக்கு மேல் நல்ல பெயரோடு நடந்த டேசைட் ஏவியேஷன் மூடப்பட்டது. அங்கும் பணம் கட்டிய மாணவர்கள்தான் நடுத்தெருவில் நின்றார்கள். விமானப் பயிற்சி என்பது எரிபொருள் விலையிலும் உதிரிபாகத்திலும் ஆடிக்கொண்டிருக்கும் தொழில். நல்லவர்கள் நடத்தும் பள்ளியும் விழும். விழும்போது உங்கள் பணம் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது.

விலை கூடினால் தரம் கூடும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது இதே நோயின் இன்னொரு முகம். கண்ணாடித் திரை வைத்த புது விமானம், ஏசி வகுப்பறை, தோளில் பட்டை போட்ட சீருடை இவை எதுவும் தரையிறங்கக் கற்றுத் தராது. முள் காட்டும் பழைய மீட்டர்களோடு, ஒழுங்காகப் பராமரித்த செஸ்னா ஒன்றும், மாணவரை மாதாமாதம் கைமாற்றாத ஒரே இன்ஸ்ட்ரக்டரும் போதும். இன்ஸ்ட்ரக்டர் மாறினால் புதியவர் மாணவரை எடைபோடவே இரண்டு மூன்று முறை பறப்பார். அதுவும் உங்கள் செலவில்.

"பணம் இல்லாதவர் என்ன செய்வது? கையில் வரும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பறக்கலாமே" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விபோலத் தெரியும். ஆனால் மாதம் இரண்டு மணி பறப்பதுதான் இருப்பதிலேயே ஆடம்பரமான வழி. பணம் குறைவாக உள்ளவரால் கட்டுப்படியாகவே ஆகாத வழி. அவர் பறப்பதைத் தள்ளிப்போட வேண்டும். அந்தக் காலத்தில் மருத்துவப் பரிசோதனையை முடிக்கலாம். பிபிஎல்லுக்கு இரண்டாம் வகுப்புச் சான்று போதும். பின்னால் வணிக விமானி ஆகும் எண்ணம் இருந்தால் முதல் வகுப்புச் சான்றையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். நிறக்குருடு இருப்பது லட்சங்களைக் கட்டியபின் தெரியவருவது எவ்வளவு கொடுமை! வான்வழி காணுதல், வானிலை, விதிமுறை, விமானத் தொழில்நுட்பம் என்று பாடங்களை வீட்டிலேயே படிக்கலாம். படித்துத் தேறிவிட்டுப் போகிறவர் எழுத்துத் தேர்வுக்காகப் பறப்பதை நிறுத்த வேண்டியதில்லை. 40 மணிக்கான பணம் சேரும் வரை என்றில்லாமல், 60 மணிக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் தங்குவதற்கும் சேர்ந்த பிறகு கிளம்ப வேண்டும். கிளம்பிவிட்டால் வாரம் மூன்று நாலு நாள் விடாமல் பறக்க வேண்டும்.

கடன் வாங்குபவர்களுக்கு ஒன்று: பொதுவாக ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கி சொத்து ஈடு கேட்கும். அதாவது 40 மணிக் கணக்கில் வாங்கிய கடன் தீர்ந்து, அறுபது மணிக்காக மறுபடி வங்கிக்குப் போகும்போது மொத்தம் அந்த வரம்பைத் தாண்டினால், அங்கே வீட்டுப் பத்திரத்தைக் கேட்பார்கள். இன்னொன்று: டிஜிசிஏ ஒப்புதல் பெற்ற பள்ளிகள் நடத்தும் ஒப்புதல் பெற்ற பயிற்சிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2024 செப்டம்பரில் 54-ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம் தெளிவுபடுத்திவிட்டது. உங்கள் ரசீதில் அந்த வரி இருந்தால் எதற்காக என்று கேளுங்கள்.

பெற்றோருக்கும், சேர்த்து வைத்த சம்பளத்தோடு பள்ளி வாசலில் நிற்கும் இளைஞர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். பத்து மணி நேரத்துக்கான பணத்தை மட்டும் கட்டுங்கள். அதை எத்தனை வாரத்தில் பறக்க வைக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்று நாலு வாரத்தில் முடிந்தால் அடுத்த பத்துக்குக் கட்டுங்கள். இரண்டு மாதம் இழுத்தால், மணிக்கு எவ்வளவு குறைவாக இருந்தாலும் அங்கிருந்து வெளியேறுங்கள். பத்துப் பத்தாகப் பணம் வாங்க மாட்டோம், மொத்தமாகத்தான் கட்ட வேண்டும் என்று சொல்லும் பள்ளியில் சேராதீர்கள்.