குளத்தைத் தூர்த்துவிட்டு வெள்ளத்தைப் பழிப்பதா?

கார்த்திகை பிறந்ததும் யாழ்ப்பாண மாநகரசபைக்கு வாய்க்கால்களின் நினைவு வருகின்றது. தை பிறந்ததும் அந்நினைவு வற்றிவிடுகின்றது. 2008ஆம் ஆண்டு நவம்பரில் நிஷாப் புயலோடு வந்த மழையிலே நகரின் தாழ்நிலங்கள் நீருள் கிடந்ததை எவரும் மறந்திலர். அதன் பின்னர் எத்தனையோ மாரிகள் வந்து போயின. ஒவ்வொரு மாரிக்கும் மண்வாரும் இயந்திரம் வருகின்றது. வாய்க்காலிற் கிடந்த சேறும் பொலித்தீனும் கரையேறுகின்றன. அடுத்த மழைக்கு அவை வந்த இடத்துக்கே திரும்புகின்றன. வரியிறுக்கும் மக்களோ ஒரே சேற்றை அள்ளுவதற்கு இருமுறை பணம் கொடுக்கின்றனர்.

குறை இயந்திரத்தில் இல்லை, நோக்கத்தில் உண்டு. மழைநீரை ஒழித்துக்கட்ட வேண்டிய பகையாகக் கருதும் வரையில் இந்நகரத்துக்கு விமோசனம் இல்லை.

நமது குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறும் மாரியில் ஓடிக் கோடையில் மறையும் ஓடையே. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடே ஊறி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கும் மழைநீரே நமது கிணறுகளின் முதல். இதை அறிந்தே நம் முன்னோர், இயற்கையாய் அமைந்த பள்ளங்களைப் பேணியும் புதிதாய் வெட்டியும் நகரெங்கும் குளங்களை வைத்தனர். ஆரியகுளம், புல்லுக்குளம், பிரப்பங்குளம், தேவரிக்குளம், நாயன்மார்கட்டுக்குளம் என்று அடுக்கிச் சொல்லலாம். நல்லூரிலே பகர வடிவில் அமைந்த யமுனா ஏரியும் உண்டு. வாய்க்கால் குளத்துக்குச் சென்றது. ஒரு குளம் நிரம்பிய பின்னரே நீர் அடுத்த குளத்தைத் தேடியது. எஞ்சியது மட்டுமே கடலுக்குப் போயிற்று.

இன்று நடப்பது என்ன? குளத்தின் கரை மண்போட்டு உயர்த்தப்படுகின்றது. வாய்க்காலின் மேல் மதில் எழுகின்றது. போக்கிடம் இழந்த நீர் ஏழையின் வீட்டு வாசலில் நிற்கின்றது. அந்நீர் மலக்குழியையும் கிணற்றையும் ஒன்றாக்கிவிட்டுப் போகின்றது. உடனே "கடலுக்கு நேராக வடிகால் வெட்டுங்கள்" என்ற குரல் எழுகின்றது. உலக வங்கியின் கடனுதவியோடு நடந்த தந்திரோபாய நகரங்கள் அபிவிருத்தித் திட்டத்தில் 2016ஆம் ஆண்டில் யாழ்ப்பாணமும் சேர்க்கப்பட்டது. சீமெந்து வடிகால்கள் வந்தன. அவை வேண்டாமென நாம் சொல்லவில்லை. ஆயின், வானம் இலவசமாகத் தந்த நன்னீரைச் சீமெந்து வழியே கடலுக்கு அனுப்பிவிட்டு, 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்ட தாளையடி நிலையத்திலே நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் குடிநீரைக் கடலிலிருந்து பிரித்தெடுக்க ஏற்பாடு செய்திருக்கின்றோம். இந்தக் கணக்கை ஒரு குடும்பத் தலைவி தன் வீட்டிலே நடத்துவாளா?

2021ஆம் ஆண்டில் ஆரியகுளம் தூர்வாரப்பட்டு அழகுபடுத்தப்பட்டது. நல்ல காரியம், மாலையிலே மக்கள் அங்கு காற்று வாங்குகின்றனர். ஆயினும் ஒரு குளம் பூங்காவாகிவிட்டதனால் நகரம் காப்பாற்றப்பட்டதாகாது. நீரைக் கொண்டுவரும் வாய்க்கால் எது, அது யாருடைய வளவினூடே செல்கின்றது என்பனவே உண்மையான கேள்விகள்.

இங்கே சட்டத்தைப் பார்ப்போம். 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகரசபைகள் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, பொதுச் சுகாதாரத்தையும் பொது வழிகளையும் மக்களின் நலத்தையும் பேணும் பொறுப்பைச் சபையின் மீது சுமத்துகின்றது. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டமோ கட்டட வரைபடத்தை அங்கீகரிக்கும் அதிகாரத்தை உள்ளூராட்சித் தலைவரிடம் தருகின்றது. வாய்க்காலை அடைக்கும் மதிலுக்கு அனுமதி மறுப்பதற்குப் புதிய அரசியலமைப்பு எதுவும் வேண்டியதில்லை. ஒரு கையொப்பத்தை இடாமல் இருந்தாற் போதும்!

"அதிகாரம் கொழும்பில் அல்லவா இருக்கின்றது?" என்று நம்மவர் கேட்பர். பெரும்பாலும் உண்மையே. 2025 செப்ரெம்பர் மழையிலே நல்லூர் மந்திரிமனையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அரசிருந்த நல்லூரின் நினைவாக மக்கள் போற்றும் அக்கட்டடத்தின் மீது கல் வைப்பதற்கும் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொழும்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். மாகாண சபையோ 2018ஆம் ஆண்டில் பதவிக்காலம் முடிந்த பின் தேர்தலையே காணவில்லை. மாநகரசபையும் 2023 மார்ச்சிலிருந்து 2025 மே மாதத் தேர்தல் வரை மக்கள் பிரதிநிதிகள் இன்றியே கிடந்தது. இந்த அநீதிகளை எதிர்த்து ஊர் ஊராக மேடையேறியவர்கள் நாம், இனியும் ஏறுவோம். ஆனால் இல்லாத அதிகாரத்துக்காகக் குரல் எழுப்பும் வாய், இருக்கும் அதிகாரத்தைப் பற்றிக் கேட்டால் மூடிக்கொள்வது என்ன நியாயம்? யாழ் நகரம் மாநகரசபையைப் பெற்றதும் தமிழரசுக் கட்சி பிறந்ததும் ஒரே 1949ஆம் ஆண்டில். சுயாட்சிக்குத் தகுதியுடையோமா என்று நம்மைப் பார்த்துக் கேட்பவனுக்கு, நாவன்மையைக் காட்டிலும் ஒழுங்காக ஓடும் ஒரு வாய்க்கால் சிறந்த மறுமொழியாகும்.

சபை செய்யவேண்டிய முதற் காரியம் செலவு மிக்கதன்று. எல்லைக்குட்பட்ட குளங்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை பரப்பு, எது சபைக்குரியது, எது கோயிலுக்குரியது, எது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளது என்று அளந்து, வரைபடத்தோடு மக்கள் பார்வைக்கு வைக்கட்டும். எல்லைக்கல் நாட்டட்டும். அந்த வரைபடத்தோடு ஒப்பிடாமல் எந்தக் கட்டடத்துக்கும் அனுமதி இல்லையெனத் தீர்மானிக்கட்டும். தீர்மானத்தை எதிர்ப்பவர் யாரென்று பெயர் சொல்லி வாக்கெடுக்கட்டும். எந்தக் கட்சியின் உறுப்பினர் எந்த நிலத்தரகருக்கு வேண்டியவர் என்பதும் அப்போது ஓரளவு விளங்கும்.

காணி உறுதிகளைப் படித்துப் பழகிய எமக்கு ஒரு விடயம் தெரியும். பழைய உறுதிகளிலே "வடக்கே வாய்க்கால்" என்று எல்லை சொல்லப்பட்டிருக்கும். இரண்டு கைமாறிய பின், அதே காணிக்கு வடக்கே ஓர் ஆளின் பெயர் நிற்கும். வாய்க்கால் மண்ணில் மறைவதற்கு முன்பே காகிதத்தில் மறைந்துவிடுகின்றது. ஆகவே வாய்க்காலோ குளக்கரையோ எல்லையாகக் குறிக்கப்பட்ட பழைய உறுதி உங்கள் பெட்டகத்தில் இருக்குமாயின், அதன் பிரதியொன்றை உங்கள் வட்டார உறுப்பினரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் சபையில் வைக்கப்படுவதற்கு முன்பே கொடுங்கள்.