இடைவேளையில் எழுந்து போகாதீர்!

"கொலைப் படமா? பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு அது எதற்கு?" என்று கேட்காத பெற்றோர் எங்கள் வானூர்ப் பக்கத்தில் மிகச் சிலரே. மர்மப் படம் பார்த்தால் படிப்புக் கெடும், இரவில் தூக்கம் கெடும், மனமும் கெடும் என்பது பெரியோர் கருத்து. நாங்கள் அதை மறுக்க வரவில்லை. ஆனால் ஒரு நல்ல மர்மப் படம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், அது மனத்தைக் கெடுக்காது. திருத்தவும் செய்யும் என்பது எங்கள் எண்ணம். அதற்குச் சான்றாக எங்கள் வகுப்பையே நிறுத்தப் போகிறோம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள், எங்கள் சிஸ்டர் ஒருவர் பள்ளிக் கூடத்து மண்டபத்தில் 'அந்த நாள்' திரைப்படத்தைக் காட்டினார். 1954இல் ஏ.வி.எம். நிறுவனம் எடுத்த படம். இயக்கியவர் வீணை மேதை எஸ். பாலசந்தர். திரைக்கதை எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரி சிவானந்தமாகவும் நடித்திருக்கிறார். தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம் என்று இதைச் சொல்வார்கள். "பாட்டு இல்லையா!" என்று முதலில் எங்களுக்கும் ஏமாற்றந்தான். ஆனால் படம் தொடங்கிச் சிறிது நேரத்தில் அந்த நினைப்பே மறந்துபோயிற்று.

1943 அக்டோபரில் சென்னைமீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிய நாட்களை ஒட்டி நடக்கிற கதை அது. சிவாஜி கணேசன் ஏற்ற ராஜன் என்னும் வானொலிப் பொறியாளன், தொடக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்படுகிறான். கதாநாயகன் இறந்த பிறகுதான் கதையே பிறக்கிறது! மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவரும் தாம் அறிந்ததைச் சொல்கிறார்கள். ஒவ்வொருவர் சொல்லும் இன்னொருவரைச் சுட்டுகிறது. ஒருவர் கதையில் நல்லவனாகத் தெரிகிற ராஜன், மற்றவர் கதையில் பொல்லாதவனாகிறான். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்' 1950இல் உலகுக்குக் காட்டிய முறை இது. ஆனால் 'ரஷோமோன்' உண்மை எது என்று அறுதியிட்டுச் சொல்லாமலே நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடும். 'அந்த நாள்' கடைசியில் உண்மையைச் சொல்லிவிடுகிறது.

உண்மை வெளிப்படும் முன்பே சிஸ்டர் படத்தை நிறுத்திவிட்டார். ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்து, "குற்றவாளி யார், காரணம் என்ன, எழுதுங்கள்" என்றார். நாற்பத்திரண்டு பேரில் சரியாக எழுதியவர்கள் ஆறு பேர். தாள்களைப் படித்துப் பார்த்த சிஸ்டர் சிரித்துக்கொண்டே சொன்னது இது: "நான் காரணம் கேட்டேன், நீங்கள் முகத்தை எழுதியிருக்கிறீர்கள்." உண்மைதான். 'அவர் பார்வையே சரியில்லை', 'அவன் திருட்டு முழி முழிக்கிறான்' என்றே பெரும்பாலோர் எழுதியிருந்தோம். குற்றவாளி யார் என்பதை இங்கே சொல்ல மாட்டோம்; படம் பார்க்காத தோழியர் எங்களைச் சும்மா விடமாட்டார்கள்!

இனிக் கட்டமைப்புக்கு வருவோம். நாடகக் கதை ஐந்து சந்திகளாக நடக்கும் என்று சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் காட்டுவதை எங்கள் தமிழம்மா வகுப்பில் விளக்கியிருக்கிறார்கள். முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்பன அவை. உழுத நிலத்தில் விதை முளைப்பது முகம். முளை நாற்றாவது பிரதிமுகம். பயிர் கருக்கொள்வது கருப்பம். கதிர் முற்றுவது விளைவு. அறுத்து உண்டு மகிழ்வது துய்த்தல். மர்மப் படத்தை இந்த ஐந்தில் வைத்துப் பார்த்தால் அழகாகப் பொருந்துகிறது.

முதலில் முடிச்சு விழுகிறது. ஒரு கொலையோ, ஒரு களவோ, ஆள் மறைவதோ நடந்து, 'யார்?' என்ற வினா முளைக்கிறது. அடுத்து ஐயங்கள் இலை விடுகின்றன. மூன்றாவதாக, நாம் முடிவு கட்டிவிட்ட நேரத்தில் கதை வேறு பக்கம் திரும்புகிறது. நம் நாட்டுப் படங்களில் இடைவேளை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வரும். நான்காவதாகப் பொய்த் தீர்வு ஒன்று முற்றி, உண்மைபோலவே நிற்கிறது. கடைசியில்தான் முடிச்சு அவிழ்கிறது. 1964இல் வந்த 'புதிய பறவை'யை நினைத்துப் பாருங்கள். மனைவி இறந்துவிட்டாள் என்று சொல்லி மறுமணத்திற்கு நிற்பவன்முன், 'நான்தான் அந்த மனைவி' என்று ஒருத்தி வந்து நிற்கிறாள். 'இவள் சொல்வது பொய்யா?' என்று நெடுநேரம் நம்மைக் கேட்க வைத்துவிட்டு, நாம் கேட்க வேண்டிய கேள்வியே வேறு என்று கடைசியில் காட்டுவதுதான் அதன் திறமை.

எல்லா மர்மமும் 'யார்?' என்ற வினாவில் நிற்பதில்லை. ஆங்கிலப் பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், 1962இல் ஃபிரெஞ்சு இயக்குநர் துரூஃபோவுடன் நடத்திய உரையாடலில் ஓர் அருமையான விளக்கம் தந்தார். மேசைக்கடியில் இருக்கும் வெடிகுண்டு முன்னறிவிப்பின்றி வெடித்தால், பார்ப்பவருக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை நமக்கு முன்பே காட்டிவிட்டால், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர் வெறும் ஊர்க்கதை பேசினாலும் பதினைந்து நிமிடம் நம் நெஞ்சு துடிக்கும். எஸ். பாலசந்தரின் 'பொம்மை' 1964இல் செய்தது இதைத்தான். ஒருவரைக் கொல்ல ஒரு பொம்மைக்குள் குண்டு வைக்கிறார்கள்; அந்தப் பொம்மையோ கைமாறிக் கைமாறிப் போகிறது. 2015இல் வந்த 'பாபநாசம்' படத்திலும் நடந்தது என்ன என்பது நமக்குத் தெரியும். அகப்பட்டுக்கொள்வார்களா என்பதுதான் தெரியாது.

எந்த வகையானாலும் நல்ல படத்திற்கு ஒரு நேர்மை உண்டு. கடைசியில் காட்டப்போகும் உண்மைக்கான குறிப்பை முன்னரே நம் கண்முன் வைத்திருக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். மரக்காணம் உப்பளத்தில் உவர்நீரை ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு விடுகிறார்கள். வெயிலில் நீர் சுண்டச் சுண்டக் கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கிறது. உப்பு அங்கே திடீரென்று வந்ததா? இல்லை. முதற் பாத்தியிலேயே இருந்தது. நம் கண்ணுக்குத் தெரியவில்லை. நல்ல மர்மக் கதையின் உண்மையும் அப்படித்தான். கடைசிக் காட்சியில் எங்கிருந்தோ ஒரு புது ஆளைக் கொண்டுவந்து 'இவனே குற்றவாளி' என்று சொல்வது, பாத்தியில் கடை உப்பைக் கொட்டிவிட்டு 'விளைந்தது' என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

இவ்வளவும் தெரிந்த நாங்கள் என்ன செய்தோம் என்பதை இனிச் சொல்ல வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரியில் ஆண்டுவிழா நாடகத்திற்கு உடை வாடகைக்கு எடுக்க வகுப்பில் பணம் சேர்த்தோம். ஆயிரத்து இருநூற்று அறுபது ரூபாய் ஒரு துணிப்பையில் இருந்தது. ஒரு நாள் மதிய இடைவேளை முடிந்து வந்து பார்த்தால் பையைக் காணோம்! முடிச்சு விழுந்துவிட்டது.

அன்று இடைவேளையில் வகுப்பை விட்டு வெளியே போகாதவள் ஒருத்தி மட்டுமே. உப்பளத்தில் வேலை செய்யும் தாயின் மகள். மறுநாள் அவள் காலில் புதுச் செருப்பு! போதாதா? "பார்த்தியாடி?" என்று ஒருத்தி கேட்டாள். "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் மற்றொருத்தி. யாரும் அவளிடம் நேரே ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அவள் பக்கத்தில் உட்காரவும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கென்று ஓர் இடம் தானாகவே காலியாயிற்று. அடுத்த இரண்டு நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. "குற்றம் உள்ள நெஞ்சு குறுகுறுக்கும்" என்று அதற்கும் ஒரு பழமொழி சொன்னோம்.

அவள் வராத இரண்டாம் நாள் நாடக ஒத்திகை. சம்மனசு வேடத்தின் இறக்கைகளைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது, அடியில் துணிப்பை இருந்தது. பணம் ஒரு ரூபாய் குறையவில்லை. பணம் சேர்க்கும் பொறுப்பில் இருந்தவளே, இறக்கையைப் போட்டுப் பார்க்கிற அவசரத்தில் அங்கே வைத்து மறந்திருக்கிறாள். அன்று காலை கையில் பையோடு அவள் நாடகப் பெட்டியைத் திறந்ததை எங்களில் பலர் பார்த்திருந்தோம். குறிப்பு முதற் காட்சியிலேயே எங்கள் கண்முன் இருந்தது. உப்பு முதற் பாத்தியிலேயே இருந்தது. நாங்கள்தாம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவள் வீட்டுக்குப் போனோம். விடுமுறை நாட்களில் அம்மாவுக்குத் துணையாக அளத்தில் இறங்கியதால் அவள் பாதமெல்லாம் வெடித்துப் புண்ணாகி இருந்தது. அதனால்தான் இடைவேளையில் விளையாட வரவில்லை. அதனால்தான் அவள் அம்மா கடன் சொல்லிச் செருப்பு வாங்கித் தந்திருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்டோம். அவள் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்றாள். அவ்வளவுதான். வாயிற்படியில் நின்றிருந்த அவள் அம்மா எங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைக் குடிக்க எங்களுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

தோழியரே, எண்ணிப் பாருங்கள். படத்தில் பொய்த் தீர்வை இயக்குநர் வேண்டுமென்றே வைக்கிறார். அடுத்த அரை மணியில் அவரே அதைத் தட்டியும் விடுகிறார். நாங்களோ பொய்த் தீர்வை நாங்களே கட்டி, அதையே முடிவென்று எண்ணி, இடைவேளையிலேயே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டோம். படத்தில் குற்றமற்றவர்களை விடுவிக்கக் கடைசிக் காட்சி ஒன்று எழுதி வைக்கப்பட்டிருக்கும். வாழ்க்கையில் அதை யாரும் எழுதி வைப்பதில்லை. ஒத்திகை நடக்காமல் போயிருந்தால், அந்தப் பெட்டியை யார் திறந்திருப்பார்கள்?

விவிலியத்தில் தானியேல் நூலில் வரும் சூசன்னாவின் கதை எங்களுக்குத் தெரியும். பொய்க் குற்றம் சாட்டிய முதியோர் இருவரையும் தானியேல் பிரித்து நிறுத்தி, "எந்த மரத்தடியில் கண்டீர்?" என்று தனித்தனியே கேட்டார். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார். மற்றவர் வேறு மரத்தைச் சொன்னார். சூசன்னா பிழைத்தாள். சிலம்பின் கதையும் எங்களுக்குத் தெரியும். பாண்டியன் அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்த்தால் விளங்கிவிடும் சான்று அது. ஆனால் பொற்கொல்லன் சொல்லை நம்பிய மன்னன், கோவலனைக் கொன்ற பிறகுதான் அதைப் பார்த்தான். இரண்டு கதையிலும் சான்று இருந்தது. கேள்வி ஓரிடத்தில் காலத்தோடு வந்தது. ஓரிடத்தில் காலம் கடந்து வந்தது. எங்கள் வகுப்பு தானியேலாக நடக்கவில்லை, பாண்டியனாக நடந்தது. அந்த மன்னனாவது தன் பிழையை அறிந்ததும் உயிரையே விட்டான். எங்களுக்கு ஒரு மன்னிப்போடு முடிந்தது.

ஆகவே பெற்றோருக்கும் சிஸ்டர்களுக்கும் எங்கள் விண்ணப்பம் ஒன்றுண்டு. மர்மப் படம் பார்க்கக் கூடாது என்று எங்களைத் தடுக்க வேண்டாம். வயதுக்கேற்ற நல்ல படமாகத் தேர்ந்து தாருங்கள். எங்கள் சிஸ்டர் செய்ததுபோல் பாதியில் நிறுத்தி, "காரணம் என்ன?" என்று கேளுங்கள். நாங்கள் முகத்தையும் செருப்பையும் குடிசையையும் காரணமாகச் சொன்னால், அது காரணம் ஆகாது என்று எடுத்துச் சொல்லுங்கள்.

தோழியர்க்கும் ஒன்று. 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று சிறு வயதிலிருந்து ஒப்பித்து வருகிறோம். தீர விசாரிப்பது என்றால் படத்தைக் கடைசி வரை பார்ப்பது போன்றது. யாரைப்பற்றியாவது 'எனக்கு அப்பவே தெரியும்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டால், அது இடைவேளை மணி என்று அறிந்துகொள்ளுங்கள். எழுந்து போகாதீர்கள். அவளிடமே போய் ஒரு வார்த்தை கேளுங்கள்.