முதல் மாதம் மீன் வேண்டாம்!

உங்கள் வீட்டில் புதிதாக மீன் தொட்டி வைக்கப் போகிறீர்களா? அப்படியானால் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். தொட்டியை வாங்குங்கள். மணலைப் பரப்புங்கள். நீரை நிரப்பி, வடிகட்டியை ஓட விடுங்கள். மீனை மட்டும் ஒரு மாதம் கழித்து வாங்குங்கள்.

"மீன் இல்லாத தொட்டியை யார் பார்ப்பார்கள்?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் மடியும் மீன்களில் பல, நம் அவசரத்தால்தான் மடிகின்றன என்பது என் கருத்து. அதற்கான காரணத்தை ஓர் ஆற்றங்கரையிலிருந்து தொடங்குவோம்.

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்தி இருக்கிறது. அங்கே 1967ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட உயிரியல் பூங்காவுக்கு உங்களில் பலர் பள்ளிச் சுற்றுலா போயிருப்பீர்கள். மழைக்குப் பின் அங்குள்ள காட்டாற்றில் கால் வைத்தால் கற்கள் வழுக்கும். "பாசி, பார்த்து வா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். அந்த வழுவழுப்பு வெறும் பாசியன்று. பாசிகளும் பாக்டீரியாக்களும் வேறு நுண்ணுயிர்களும் சேர்ந்து கல்லின்மேல் கட்டிய மெல்லிய படலம் அது. ஆற்றில் மீன்கள் கழிவை விடுகின்றன. இலைகள் விழுந்து அழுகுகின்றன. ஆயினும் மீன்கள் வாழ்கின்றன. ஓடும் நீர் கழிவைக் கரைத்துக்கொண்டு போகிறது. மீதமுள்ள வேலையைச் செய்வது அந்த வழுக்கல்தான்.

இப்போது வீட்டுத் தொட்டிக்கு வருவோம். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள தொட்டியில் விளிம்புவரை நிரப்பினாலும் 54 லிட்டர் நீர்தான் கொள்ளும். மீன் தன் உடலில் உண்டாகும் அமோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே நீரில் விடுகிறது. தின்னாமல் கிடக்கும் இரையும் அழுகி அமோனியாவாகிறது. ஆற்றில் அது அடித்துச் செல்லப்படும். தொட்டியில் எங்கே போகும்? மீனைச் சுற்றியே நிற்கும்.

அமோனியாவுக்கு நிறமில்லை. ஆகவே கண்ணாடிபோல் தெளிந்த நீரும் மீனைக் கொல்லக்கூடும். நீரில் அமோனியா இரு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று அமோனியம் அயனி. இதனால் தீங்கு குறைவு. மற்றது அயனியாகாத அமோனியா. இதுவே கொடிய நஞ்சு. 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், நீரின் பி.எச். மதிப்பு 7 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் சுமார் அரை விழுக்காடுதான் நஞ்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது சுமார் 5 விழுக்காடாகிவிடும்; அதாவது பத்து மடங்கு! நம் ஊர்களில் பல ஆழ்துளைக் கிணறுகளின் நீர் காரத்தன்மை உடையது என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

இந்த அமோனியாவை அகற்றுவது யார்? 1877ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் ஷ்லேசிங், முன்ட்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் ஓர் எளிய சோதனை செய்தனர். ஒரு நீண்ட குழாயில் மணலையும் சுண்ணாம்புக்கல்லையும் நிரப்பி, அதன் வழியே சாக்கடை நீரை மெதுவாகக் கசியவிட்டனர். முதல் 20 நாட்கள் அமோனியா அப்படியே வெளிவந்தது. அதன்பின் அமோனியா குறைந்து, நைட்ரேட் தோன்றியது. மணல்தான் இதைச் செய்தது என்றால் முதல் நாளே செய்திருக்க வேண்டாமா? பிறகு அவர்கள் குழாய்க்குள் குளோரோபாரம் ஆவியைச் செலுத்தினர். மாற்றம் நின்றுபோனது. குளோரோபாரத்தை நீக்கி, சிறிது தோட்ட மண்ணைக் கரைத்த நீரை ஊற்றியபின் மாற்றம் மீண்டும் தொடங்கியது. செய்தது மணலன்று, மணலில் வளர்ந்த உயிர்களே என்பது தெளிவாயிற்று. 1890ஆம் ஆண்டு வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி அந்த பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தார்.

இவற்றில் ஒரு வகை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இடையில் வரும் நைட்ரைட்டும் நஞ்சுதான். அது மீனின் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைக் கெடுத்துவிடும். நீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறும். நைட்ரேட்டின் தீங்கு மிகக் குறைவு. வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றினால் அதைக் கட்டுக்குள் வைக்கலாம்.

நம் வீட்டுத் தொட்டியின் வடிகட்டியும் ஷ்லேசிங்கின் குழாயும் ஒன்றே! பாக்டீரியா குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் பத்து மீன்களை விட்டால் அவை தம் கழிவிலேயே நஞ்சுண்டு சாகின்றன.

வடிகட்டியில் ஏன் பஞ்சு வைக்கிறார்கள் என்பதற்கு இயற்பியல் விடை சொல்கிறது. 1 செ.மீ. பக்கமுள்ள ஒரு கனசதுரத்தின் புறப்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 1 மி.மீ. கனசதுரங்களாக நறுக்கினால் ஆயிரம் துண்டுகள் கிடைக்கும். மொத்தப் பரப்பு 60 சதுர செ.மீ. ஆகும். பொருள் அதேதான், பரப்போ பத்து மடங்கு. பஞ்சின் நுண்துளைகளும் இப்படித்தான் பாக்டீரியாவுக்கு இடம் தருகின்றன. ஆற்றில் ஆயிரம் கற்கள் தரும் பரப்பில் ஒரு பகுதியைக் கைப்பிடிப் பஞ்சு தருகிறது.

"தாத்தா வீட்டுக் கிணற்றில் வடிகட்டி இல்லாமலே மீன் வாழ்ந்ததே!" என்று சிலர் கேட்கலாம். கிணற்றில் நீர் ஆயிரக்கணக்கான லிட்டர், மீனோ சில. சுவர் முழுவதும் வழுக்கல் படலம். அந்தச் சுவரே வடிகட்டி!

இனி நான் கடுமையாக எதிர்க்கும் வழக்கத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் தொட்டி நீர் முழுவதையும் கொட்டிவிட்டு, வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் வெளுக்கும்வரை கசக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. இதைச் சுத்தம் என்று எண்ணுகிறோம். ஆனால் குழாய் நீரில் கிருமிகளைக் கொல்வதற்காகவே குளோரின் கலக்கப்படுகிறது. குளோரினுக்குத் தீய கிருமி, நல்ல பாக்டீரியா என்ற பேதம் கிடையாது. ஷ்லேசிங் தெரிந்தே செலுத்திய குளோரோபாரத்தின் வேலையை நாம் தெரியாமல் குளோரினைக் கொண்டு செய்கிறோம். அன்று முதல் அது மறுபடியும் புதுத் தொட்டிதான்.

சரியான முறை இது. நீரோட்டம் குறைந்தால் மட்டும் பஞ்சை எடுங்கள். தொட்டி நீரையே ஒரு வாளியில் எடுத்து, அதில் இரண்டு மூன்று முறை பிழிந்து திரும்ப வையுங்கள். பழுப்பு நிறம் இருந்தால் இருக்கட்டும். சோப்பு படவே கூடாது. புதிதாக ஊற்றும் குழாய் நீரை அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் வெளியேறியபின் ஊற்றுங்கள்.

மின்வெட்டையும் மறக்க வேண்டாம். இந்த பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் ஏராளமாக வேண்டும். அமோனியாவிலுள்ள 1 கிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாக்கச் சுமார் 4.6 கிராம் ஆக்சிஜன் செலவாகிறது. 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரிலோ ஏறக்குறைய 7.6 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். மணிக்கணக்கில் மோட்டார் நின்றால் மீன் மட்டுமல்ல, வடிகட்டியும் மூச்சுத் திணறும். மின்கலத்தில் ஓடும் சிறிய காற்று பம்பு ஒன்று கையில் இருப்பது நல்லது.

சுத்தம் செய்யும் தொல்லை வேண்டாம் என்று சிலர் 'டேங்க் கிளீனர்' என விற்கப்படும் சக்கர் மீனை வாங்குகிறார்கள். அது பாசியைத் தின்னும், உண்மைதான். ஆனால் அதுவும் கழிவை விடும். அமோனியாவை அது அகற்றாது, கூட்டும். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் ஓர் அடிக்கு மேல் வளர்ந்து தொட்டிக்கு அடங்காமல் போகும்போது, ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடுகிறார்கள். இப்படி விடப்பட்டவை இந்திய நீர்நிலைகள் பலவற்றில் பெருகி, நம் மீன்களுக்குப் போட்டியாகிவிட்டன. அமிர்தி போன்ற காட்டாறுகளிலிருந்து மீனைப் பிடித்துவரவும் வேண்டாம். கடையில் வாங்கிய மீனை அங்கே விடவும் வேண்டாம். இரண்டுமே காட்டுக்குச் செய்யும் கேடு.

அப்படியானால் மீன் இல்லாத அந்த ஒரு மாதத்தில் என்ன செய்வது? அதுதான் சுவையான பகுதி. நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவைத் தொட்டியில் போடுங்கள். அது அழுகி அமோனியா தரும். நெடுநாள் ஓடிய, நோயில்லாத தொட்டி நண்பர் வீட்டில் இருந்தால், அதன் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் வடிகட்டியில் வையுங்கள், காலம் குறையும். அலங்கார மீன் கடைகளில் அமோனியாவையும் நைட்ரைட்டையும் அளக்கும் சொட்டுச் சோதனைப் பெட்டி கிடைக்கும். இரண்டு நாளைக்கு ஒரு முறை அளந்து வரைபடத் தாளில் குறியுங்கள். முதலில் அமோனியா ஏறும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். பின்னர் அதுவும் இறங்கும். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பெருகுவதை உங்கள் பென்சிலே காட்டும்! கடைகளில் பாக்டீரியா திரவம் என்று புட்டிகள் விற்கிறார்கள். அவற்றில் பயன்தருவனவும் உண்டு, பயனற்றவையும் உண்டு. புட்டியின் மேலுள்ள எழுத்தை நம்பாமல் உங்கள் வரைபடத்தையே நம்புங்கள்.

பள்ளி அறிவியல் மன்றங்களும் இதை எடுத்துச் செய்யலாம். செலவு அதிகமில்லை, ஓர் உயிரும் பலியாவதில்லை. கண்காட்சி நாளன்று மீன்களை வாங்கிப் போட்டு, மறுவாரம் செத்த மீன்களை அள்ளிக் கொட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம் என்று உங்கள் நோட்டில் ஒரு வாரம் தொடர்ந்து வரட்டும். அதன்பின் கடைக்குப் போய் இரண்டே இரண்டு மீன் வாங்கி வாருங்கள். மற்றவை அடுத்தடுத்த வாரங்களில் வரலாம்.