கனவின் சம்பளம் ரூ. 35,400

பிஹாரின் சசாராம் ரயில் நிலையத்தில், எந்த ரயிலிலும் ஏறாத ஒரு கூட்டம் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தது. காலையும் மாலையும் பிளாட்பாரத்தில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் வட்டம் வட்டமாக அமர்ந்து பொது அறிவுக் கேள்விகளைக் கேட்டுக்கொள்வார்கள். ஒருவர் கேட்க, மற்றவர்கள் பதில் சொல்ல, நடுவே டெல்லிக்கோ கொல்கத்தாவுக்கோ போகும் எக்ஸ்பிரஸ் தடதடத்துக் கடந்துபோகும். 2000களின் தொடக்கத்தில் ஆரம்பித்த பழக்கம் இது. காரணம் எளிமையானது. ஊரில் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. ரயில் நிலையத்தில் மட்டும் விளக்கு அணைவதில்லை.

அந்த விளக்கொளியில் அவர்கள் படித்ததில் பெரும் பகுதி ரயில்வே தேர்வுக்குத்தான். முதலாளியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவரிடமே வேலைக்கு மனுப் போடுவது போல.

ஒவ்வொரு டிசம்பரிலும் ஐ.ஐ.டி.களில் வேலைக்கு ஆள் எடுக்கும் பருவம் வரும்போது, ஆண்டுக்கு ஒரு கோடி ரூபாய் சம்பளம் பெற்ற மாணவரின் படத்தைப் பத்திரிகைகள் தேடிப் பிடித்து வெளியிடுகின்றன. இந்திய இளைஞனின் கனவு அதுதான் என்று படிப்பவர்கள் நினைத்துக்கொள்வதில் வியப்பில்லை. ஆனால் பாட்னாவின் முசல்லாபூர் ஹாட்டிலும் பிரயாக்ராஜின் சலோரியிலும் லாட்ஜ் அறைகளில் சுவரெல்லாம் வரைபடம் ஒட்டி வாழ்பவர்களின் கனவுக்கு அவ்வளவு பூஜ்யங்கள் கிடையாது. அது ரூ. 35,400. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்கு ஏழாவது சம்பளக் கமிஷன் நிர்ணயித்த தொடக்க அடிப்படைச் சம்பளம். சரக்கு ரயில் கார்டு என்றால் ரூ. 29,200. ஜூனியர் கிளார்க் என்றால் ரூ. 19,900. அதுவும் பரவாயில்லை.

என்ன செய்கிறாய் என்று கேட்டால் இங்கே கிடைக்கும் பதில் ஒரே சொல்: 'தய்யாரி'. தயாரிப்பு என்று பொருள். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. மாணவன், வேலையில்லாதவன் என்ற இரண்டுக்கும் நடுவில் வட இந்தியா கண்டுபிடித்துக்கொண்ட மூன்றாவது நிலை அது. இருபது வயதில் உள்ளே நுழைபவர் முப்பதைத் தாண்டி வெளியே வருவதும் உண்டு. அறைக்கு இரண்டு மூன்று பேர், ஒரு ஸ்டவ், அரிசியும் பருப்பும் உருளைக்கிழங்கும் ஊரிலிருந்து மூட்டையாக. மாதச் செலவுக்கு அப்பா நெல் விற்ற பணம், அல்லது சூரத்திலோ லூதியானாவிலோ ஆலையில் வேலை பார்க்கும் அண்ணன் அனுப்பும் பணம். படிக்காத அண்ணன் சம்பாதிக்கிறான், படித்த தம்பி செலவழிக்கிறான் என்று எந்த வீட்டிலும் யாரும் குறைப்பட்டுக்கொள்வதில்லை. தம்பி தேறிவிட்டால் அண்ணன் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் விடிவு.

1991இல் பொருளாதாரக் கதவு திறந்தபோது அரசு வேலை மோகம் தானாகவே தேய்ந்துவிடும் என்று சொன்னவர்கள் பலர். பெங்களூரையும் குர்காவ்ன் கண்ணாடிக் கட்டடங்களையும் பார்த்தபோது அது சரி போலவும் தோன்றியது. தேய்ந்தது மோகமல்ல, வேலைதான். 1991இல் 16 லட்சத்துக்கும் மேல் இருந்த ரயில்வே ஊழியர் எண்ணிக்கை, 2020களில் ஏறத்தாழ 12 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. விண்ணப்பங்களோ எதிர்த்திசையில் ஓடின. 2015இல் உத்தரப் பிரதேசத் தலைமைச் செயலகத்தில் 368 பியூன் வேலைகளுக்கு 23 லட்சம் பேர் மனுப் போட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் படிப்பும் சைக்கிள் ஓட்டத் தெரிவதும்தான் தகுதி. மனுப் போட்டவர்களில் 255 பேர் பிஎச்.டி. பட்டம் பெற்றவர்கள்.

இதைப் படித்துச் சிரிப்பது எளிது. சோம்பேறித்தனம், கிம்பள ஆசை என்று தீர்ப்புச் சொல்வது அதைவிட எளிது. கிம்பள ஆசை சிலருக்கு இல்லாமலும் இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த லாட்ஜ் அறைக்காரர்கள் அவ்வளவு பைத்தியக்காரர்கள் அல்ல. 2024 ஜனவரி நிலவரப்படி அகவிலைப்படி 50 சதவீதம். ஆகவே ஸ்டேஷன் மாஸ்டரின் 35,400 அந்த மாதமே 53,100 ஆகிவிடும். வீட்டு வாடகைப் படி, பயணப் பாஸ், ரயில்வே மருத்துவமனை எல்லாம் தனி. அதே ஆண்டுகளில் அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு சொல்லும் சேதி என்னவென்றால், நாட்டில் மாதச் சம்பளம் வாங்குபவர்களின் சராசரி வருமானமே ஏறத்தாழ 20,000 ரூபாய்தான். நகரின் ஐ.டி. கம்பெனியில் நுழையும் புது இன்ஜினியருக்குப் பெரிய நிறுவனங்கள் கொடுத்துவந்தது ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றித்தான். அந்தத் தொகை பத்துப் பதினைந்து ஆண்டுகளாகப் பெரிதாக நகரவும் இல்லை.

மேல் தட்டில் கணக்கு தலைகீழ். ஐ.ஏ.எஸ். அதிகாரியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ. 56,100. நல்ல ஐ.ஐ.டி. பட்டதாரிக்கு அது பெரிய தொகை அல்ல. 2023ஆம் ஆண்டு சிவில் சர்வீஸ் தேர்வில் முதலிடம் பிடித்த ஆதித்ய ஸ்ரீவாஸ்தவா, கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து கோல்ட்மேன் சாக்ஸில் வேலை பார்த்தவர். அவரைப் போன்றவர்கள் அரசுக்கு வரும்போது வருமானத்தை விட்டுவிட்டு வருகிறார்கள். முசல்லாபூர் ஹாட்டில் இருப்பவருக்கு விட்டுவிட எதுவும் இல்லை. அவருக்கு எதிரே இருப்பது குர்காவ்னில் செக்யூரிட்டி வேலை, அல்லது சில ஆயிரங்களுக்குத் தனியார் பள்ளி வாத்தியார் வேலை. 2020 ஊரடங்கில் அந்த வேலைகள் என்ன ஆயின என்பதை அவர் கண்ணால் பார்த்தார். நெடுஞ்சாலையில் நடந்து வந்தவர்கள் அவருடைய ஊர்க்காரர்கள்தான். மத்திய அரசு ஊழியருக்கு அப்போது நேர்ந்தது, ஒன்றரை ஆண்டு அகவிலைப்படி உயராமல் நின்றது, அவ்வளவே.

சம்பளத்தோடு முடிவதில்லை விஷயம். அரசு வேலைக்காரருக்குக் கல்யாணச் சந்தையில் தனி மதிப்பு. பிஹாரில் மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்த் தாலி... இல்லை, அங்கே நெற்றியில் குங்குமம்தான், வைக்கச் சொல்லும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. 'பகட்வா விவாஹ்' என்று பெயர். செத்துப்போனதாக நினைத்த அந்த வழக்கம் 2023 நவம்பரில் மறுபடி செய்தியானது. அந்த மாதத் தொடக்கத்தில்தான் மாநில அரசு ஒரு லட்சத்துக்கும் அதிகமான புதிய ஆசிரியர்களுக்கு நியமன ஆணை வழங்கியிருந்தது. அவர்களில் ஒருவர், வைசாலி மாவட்டத்தில் தன் பள்ளியிலிருந்தே கடத்தப்பட்டு, துப்பாக்கி முனையில் மாப்பிள்ளையாக்கப்பட்டார்.

பெண்களுக்கு இதே தேர்வு வேறு விதத்தில் பயன்படுகிறது. மாநில அரசு வேலைகளில் பெண்களுக்கு 35 சதவீத இடம் என்று 2016இல் பிஹார் அறிவித்த பிறகு, மகளை நகரத்துக்குப் படிக்க அனுப்புவதற்கு அப்பாவுக்கு ஒரு காரணம் கிடைத்தது. மகளுக்கும் ஒன்று கிடைத்தது. தய்யாரியில் இருக்கிறாள் என்று சொல்லும்வரை ஜாதகப் பேச்சைத் தள்ளிப்போடலாம். தேறாவிட்டாலும் இரண்டு மூன்று வருடம் சொந்தமாகக் கழிந்திருக்கும். ஆண்களின் வீணான ஆண்டுகளைப் பற்றி எழுதும் நிபுணர்கள் இந்த ஆண்டுகளைக் கணக்கில் சேர்ப்பதாகத் தெரியவில்லை.

ஆனால் காலம் தின்பதில் ரயில்வேக்கு இணை ரயில்வேதான். 2019 பிப்ரவரியில் தொழில்நுட்பம் சாராத பிரிவுகளில் சுமார் 35,000 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. 1.25 கோடி பேர் விண்ணப்பித்தார்கள். ஓர் இடத்துக்கு 350 பேருக்கும் மேல். முதல் கட்டத் தேர்வு தொடங்கவே 2020 டிசம்பர் இறுதி ஆகிவிட்டது. அந்த முடிவு 2022 ஜனவரியில் வந்தபோது பட்டியலில் ஏழு லட்சம் இடங்கள் இருந்தன, ஆட்கள் நாலு லட்சம்கூட இல்லை. பல பிரிவுகளிலும் ஒரே ஆளின் எண் திரும்பத் திரும்ப வந்திருந்தது. பட்டதாரி, பிளஸ் டூ படித்தவனின் பட்டியலிலும் இருந்தால் பிளஸ் டூ படித்தவன் எங்கே போவது என்பதுதான் கேள்வி. பாட்னாவில் ராஜேந்திர நகர் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். குடியரசு தினத்தன்று கயாவில் ரயில் பெட்டி எரிந்தது. சேதம் விளைவிப்பவர்களுக்கு ஆயுள் முழுக்க ரயில்வே வேலை கிடையாது என்று அமைச்சகம் எச்சரித்தது. கைது, வழக்கு என்பதைவிட இந்த மிரட்டல் அங்கே அதிகம் உறைத்திருக்கும். பின்னர் தேர்வை நிறுத்தி, கமிட்டி போட்டு, இரண்டாம் கட்டத்தை 2022 மே மாதத்துக்குத் தள்ளினார்கள்.

மூச்சு விடுவதற்குள் ஜூனில் அக்னிபத் வந்தது. விடியற்காலையில் நெடுஞ்சாலை ஓரத்தில் ஓடிப் பழகும் பையன்களின் கனவு ராணுவம். சிப்பாய் வேலை என்றால் பதினைந்து வருடச் சேவை, பிறகு பென்ஷன். அது நான்கு வருட வேலையாகச் சுருங்கியது; முதல் வருடம் மாதம் ரூ. 30,000, நான்காம் வருடம் ரூ. 40,000, போகும்போது கையில் சுமார் 11.7 லட்சம். நாலில் ஒருவரைத்தான் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள். தொகை மோசமில்லை என்று டெல்லியில் விளக்கினார்கள். தொகையைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை என்பது டெல்லிக்குப் புரியக் கொஞ்சம் நாளானது. இருபத்தைந்து வயதில் 'முன்னாள்' ஆவதற்கு ஒருவன் எதற்குப் பதினாறு வயதிலிருந்து ஓட வேண்டும்?

வினாத்தாள் கசிவு தனிக் கதை. 2024 பிப்ரவரியில் உ.பி. போலீஸ் கான்ஸ்டபிள் தேர்வு: 60,244 இடங்கள், 48 லட்சம் விண்ணப்பங்கள், கசிவுப் புகார், ஒரே வாரத்தில் ரத்து. ஆகஸ்டில் மறுபடி எழுதினார்கள்.

2024 செப்டம்பரில் ரயில்வே மீண்டும் அதே பிரிவுகளுக்கு அறிவிப்பு வெளியிட்டது. இந்த முறை இடங்கள் 11,558. விண்ணப்பங்கள் 1.21 கோடி, அதாவது ஓர் இடத்துக்கு ஆயிரம் பேருக்கும் மேல். கொரோனாவில் போன காலத்துக்காக வயது வரம்பை மூன்றாண்டு தளர்த்தியிருந்தார்கள்; பட்டதாரிகள் 36 வயது வரை எழுதலாம். 2019இல் எழுதித் தோற்றவர்களுக்கு அதனால் இன்னொரு வாய்ப்பு. கட்டணம் ரூ. 500. தேர்வுக்கு வந்தால் அதில் 400 ரூபாய் வங்கிக் கணக்குக்குத் திரும்ப வந்துவிடும். பட்டதாரிகளுக்கான முதல் கட்டத் தேர்வு 2025 ஜூனில் நடந்தது.