வருவதற்கு மட்டுமா வாயில்?

காவிரிப்பூம்பட்டினத் துறையில், மரக்கலத்தில் வந்த பண்டங்களுக்கும் மரக்கலமேறிச் செல்லவிருந்த பண்டங்களுக்கும் சோழரின் புலிப்பொறி ஒற்றப்பட்டதைப் பட்டினப்பாலை விரித்துரைக்கின்றது. அங்கு வந்து குவிந்த செல்வங்களுள் காழகத்துப் பொருளும் ஒன்று. காழகம் என்பதற்குக் கடாரம் என உரை கண்டனர். அஃது இன்றைய கெடா மாநிலத்து மண். வருவதற்கும் போவதற்கும் ஒரே துறை, ஒரே பொறி என்பது நம் முன்னோர் கண்ட வணிக நெறி. அந்நெறி இன்று இந்நாட்டில் மறக்கப்பட்டுவிட்டது என்பதே என் குற்றச்சாட்டு.

2017 மார்ச்சு மாதத்தில் மலேசிய அரசு மின்னியல் தடையற்ற வணிக வட்டாரம் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அன்றைய பிரதமர் நஜிப் துன் ரசாக்கும், சீனத்து அலிபாபா நிறுவனத்தைத் தோற்றுவித்த ஜாக் மாவும் ஒரே மேடையில் நின்றனர். நம் நாட்டுச் சிறு, நடுத்தர நிறுவனங்கள் கடல்கடந்து விற்கும். 60,000 பேருக்கு வேலை கிட்டும் என்று கூறப்பட்டது. 2020இல் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தருகே அலிபாபாவின் சரக்குப் பிரிவான சைனியாவின் பெருங்கிடங்கும் செயற்படத் தொடங்கியது. கதவு திறந்தது உண்மை. எப்பக்கமாகத் திறந்தது என்பதே வினா.

முன்பு ஓர் அயல்நாட்டு நிறுவனம் இங்கே தன் பொருளை விற்க விரும்பினால், உள்ளூர் முகவரைத் தேடவேண்டும், கிடங்கு எடுக்கவேண்டும், கடை கடையாக ஏறியிறங்கவேண்டும். அவ்வொவ்வொரு படியிலும் நம்மவர் ஒருவருக்குப் பிழைப்பு இருந்தது. இன்று அப்படிகள் அனைத்தும் கைப்பேசித் திரைக்குள் மறைந்துவிட்டன. லசாடாவிலோ ஷோப்பியிலோ டிக்டாக் ஷாப்பிலோ ஒரு கடையைத் திறந்தால் போதும். ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள், பதினோராம் மாதம் பதினோராம் நாள் என்று தள்ளுபடித் திருவிழாக்கள் வேறு. அத்தளங்களேனும் நம்முடையவையோ? லசாடா 2016 முதல் அலிபாபாவின் ஆளுகையில் உள்ளது. ஷோப்பி சிங்கப்பூர் நிறுவனத்துக்குரியது. டிக்டாக்கின் வேர் சீனத்தில் உள்ளது. சந்தையும் பிறருடையது, சரக்கும் பிறருடையது. பணப்பை ஒன்றே நம்முடையது!

இதன் சுமையைக் காணவேண்டுவோர் தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கும், பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைக்கும் சென்று வரட்டும். கூட்டம் இருக்கும். சேலையை விரித்துப் பார்ப்பர், விலையைக் கேட்பர், கைப்பேசியில் படம் பிடிப்பர், வீடு சென்று அதே சேலையை இணையத்தில் தேடி வாங்குவர். வாடகை, உரிமக் கட்டணம், பணியாளர்க்குச் சேமநிதி, சொக்சோ ஆகிய அனைத்தையும் செலுத்தும் கடைக்காரர், செலவில்லாத காட்சிசாலையாளராகிவிட்டார். எந்தக் குடும்பத்தில் எப்போது திருமணம், யாருக்கு எந்த நிறம் பிடிக்கும் என்பதையெல்லாம் அவர் தந்தையார் அறிந்திருந்தார். அவ்வறிவு இப்போது தளத்தை நடத்துவோரின் கணிப்பொறியில் உறங்குகின்றது. அவரோ தரகும் விளம்பரக் கட்டணமும் செலுத்தி அதே வாடிக்கையாளரைத் திரும்பப் பெறவேண்டியுள்ளது.

"மலிவாகக் கிடைக்கின்றதே, உமக்கென்ன?" என்பர் சிலர். மலிவு எவ்வாறு பிறந்தது என்று அவர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? 500 வெள்ளிக்கு மேற்படாத பொட்டலம் விமானத்தில் வந்தால், நெடுங்காலம் சுங்க வரியும் விற்பனை வரியும் இன்றி நுழைந்தது. அதே பொருளைக் கப்பலில் மொத்தமாகத் தருவித்தவரோ உரியதைச் செலுத்திவிட்டே கடையில் அடுக்கினார். 2024 சனவரி முதல் நாளிலிருந்துதான் அத்தகைய பொட்டலங்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி வந்தது. வரவு சிறிதாயின் வரி எதற்கு? அரசே கணக்கெடுத்து வரி விதிக்கும் அளவிற்கு உள்வரவு பெருகியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? திட்டம் தொடங்கிய 2017க்கும் அவ்வரிக்கும் இடையே ஏறத்தாழ ஏழாண்டுகள். அவ்வேழாண்டுகளில் நலிந்த கடைகளுக்கு யார் விடை கூறுவது?

இனி, "இணையத்தைப் புறக்கணிப்போம்" என்று மேடையில் முழங்குவோரையும் நான் ஏற்கவில்லை. முழங்கிய கையோடு அவரும் கைப்பேசியில் பொருள் வாங்குகின்றார். கதவை அடைப்பது நம்மால் ஆகாது; ஆகவும் வேண்டா. அக்கதவின் வழியே நாம் வெளியே செல்லாதிருப்பதே குற்றம். பாபாஸ் மசாலாத்தூள் இனம் கடந்து மலேசியச் சமையலறைகளுக்குள் நுழைந்ததன்றோ? பெயரும் தரமும் இருந்தால் பிறர் வாங்குவர் என்பதற்கு அதுவே சான்று. கிள்ளானில் முறுக்குச் சுடும் தாய்மார்க்கும் ஊறுகாய் போடும் குடும்பத்தார்க்கும் கைத்திறன் குறைவோ? இல்லை. பொதியிடும் முறை, சிப்பத்தில் அச்சிடும் விவரம், அயல்நாட்டுச் சுங்க விதி ஆகியவற்றைக் கற்றுத் தருவார் இல்லை. சிறு நிறுவனங்களை அயல்நாட்டு இணையச் சந்தையில் ஏற்றிவிட மெட்ரேட் கழகம் திட்டம் வகுத்தது. இந்திய வணிகர்க்கென்றே தெக்குனின் ஸ்பூமி கடன் ஏற்படுத்தப்பட்டது. அவற்றின் மனுத்தாளைக் கண்ணால் கண்ட நம் கடைக்காரர் எத்தனை பேர்? எடுத்துச் சொல்லவேண்டிய சங்கங்கள் பொன்னாடை போர்த்துவதில் பொழுதைக் கழிக்கின்றன.

பள்ளி ஆசிரியனுக்கு வணிகத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். அக்கடைக்காரர்களின் பிள்ளைகளே எங்கள் வகுப்பறைகளில் அமர்ந்துள்ளனர். தந்தையின் கடை மூடப்படின், தமிழ்ப் பள்ளிக்கு நன்கொடை தரும் கையும், தமிழில் பெயர்ப்பலகை எழுதும் கையும் ஒருங்கே மறையும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் நிலைகுலைந்த நாளில், 1960இல், சம்பந்தனார் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் பத்து வெள்ளியாகத் தொழிலாளர் சேர்த்த பணம் தோட்டங்களை வாங்கிற்று. அவர் பெயர் தாங்கிய சாலையிலேயே கடை வைத்திருப்போர் அவ்வழியைப் பின்பற்றக் கூடாதா? தனித்தனியே அயல்நாட்டுச் சந்தையை எட்ட இயலாத நூறு கடைகள், ஒரே கூட்டுறவாக, ஒரே கிடங்கும் ஒரே வணிகப் பெயரும் கொண்டு சிங்கப்பூருக்கும் தமிழகத்திற்கும் இலண்டனுக்கும் விற்கலாம். அரசு நுழைவோர்க்குக் காட்டும் சலுகையைச் செல்வோர்க்கும் காட்டவேண்டும். அதனைக் கேட்டுப் பெறும் துணிவு நம் சங்கங்களுக்கு வேண்டும். பத்து வெள்ளி கொடுக்கத் தோட்டத் தொழிலாளிக்கு மனம் இருந்தது. கடை முதலாளிகளுக்கு உண்டா என்பதைத்தான் இனிப் பார்க்கவேண்டும்.