மனதையும் சோதித்துக் கொள்வோம்

நம் சங்கங்கள் பல ஊர்களில் இலவச மருத்துவ முகாம்கள் நடத்தி வருகின்றன. இரத்த அழுத்தம், சர்க்கரை, கண், பல் எல்லாம் பார்க்கிறார்கள். பாராட்ட வேண்டிய பணிதான். ஆனால் "இரவில் தூக்கம் வருகிறதா? மனதில் ஓயாத கவலை உண்டா?" என்று அங்கே யாரும் கேட்பதில்லை. நாமாகவும் சொல்வதில்லை.

சாணார்பட்டி வட்டாரத்தில் நமக்கு நெடுநாள் பழக்கமான மளிகைக்கடைக்காரர் ஒருவர். பெயர் வேண்டாம். நள்ளிரவில் நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும். மாரடைப்பு என்று பயந்து திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் அலைந்தார். ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்ததில் இதயத்தில் குறையில்லை என்றார்கள். வாயுவாக இருக்கும் என்று மாத்திரையுடன் திரும்பினார். படபடப்பு நிற்கவில்லை. கொள்முதலுக்குப் போவதை விட்டார். வாடிக்கையாளர்களிடம் எரிந்து விழுந்தார். கடை பாதி நாள் பூட்டியே கிடந்தது. குடிக்கிறார் என்று ஊரில் பேசினார்கள். நாமும் பாக்கிக்காக இரண்டு முறை ஆள் அனுப்பினோம்; அவர் நிலை நமக்குத் தெரியாது. ஓராண்டு கழித்து ஒரு மருத்துவர் பொறுமையாக விசாரித்து, இது மனப்பதற்ற நோய் என்று கண்டறிந்தார். சிகிச்சை பெற்று இன்று மீண்டும் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். போன வாடிக்கை மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. முதல் முகாமிலேயே நாலு கேள்வி கேட்டிருந்தால் அந்த ஓராண்டு மிஞ்சியிருக்கும்.

அப்படிக் கேட்பதற்கு முறை இருக்கிறது. 2006-இல் உருவாக்கப்பட்ட ஏழு கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் உலகெங்கும் பயன்படுகிறது. கடந்த இரண்டு வாரங்களில் படபடப்பு, அடக்க முடியாத கவலை, அமைதியின்மை, எரிச்சல், ஏதோ கெடுதல் நேரப் போகிறது என்ற பயம் போன்றவை எத்தனை நாள் இருந்தன என்று கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண்; மொத்தம் 21. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவர் விரிவாகப் பார்க்க வேண்டும். ஊசியில்லை, இரத்தம் எடுப்பதில்லை. ஐந்து நிமிட வேலை. அமெரிக்காவின் நோய்த்தடுப்பு வல்லுநர் குழு, 64 வயது வரையுள்ள பெரியவர்கள் அனைவரிடமும் இவ்வாறு கேட்கலாம் என்று 2023 ஜூனில் பரிந்துரை செய்தது. 65-ஐக் கடந்தவர்களுக்கு இதனால் நன்மையா என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றும் அக்குழு கூறியது. ஆகவே நம்மைப் போன்ற வயதானவர்கள், தொல்லை இருந்தால் கேள்வித்தாளுக்குக் காத்திராமல் மருத்துவரிடம் நேரே சொல்லிவிடுவது நல்லது.

நம் நாட்டு நிலை என்ன? பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், பெரியவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறை இருந்தது. நோயின் வகையைப் பொறுத்து நூற்றுக்கு 70 முதல் 92 பேர் சிகிச்சையே பெறவில்லை.

"இப்படிக் கேட்க ஆரம்பித்தால் எல்லோரும் நோயாளி ஆகிவிடுவார்கள், கடன் வாங்கியவனுக்குக் கவலை இருக்கத்தான் செய்யும்" என்று சிலர் சொல்லலாம். இதில் நியாயம் உண்டு. தவணை நாள் நெருங்கும்போது வரும் கவலை நோயல்ல. கேள்வித்தாள் நோயை முடிவு செய்வதுமில்லை. யாரை மேலும் பார்க்க வேண்டும் என்று காட்டுகிறது, அவ்வளவே. தைராய்டு கோளாறினாலும் படபடப்பு வரும். அதையும் மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். மதிப்பெண் சொல்லிவிட்டு ஆளை வீட்டுக்கு அனுப்புவதால் பயனில்லை. அடுத்து எங்கே போவது என்பதற்கு ஏற்பாடு வேண்டும். மருந்துக்கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக் கொள்வது சிகிச்சையாகாது; அது பழக்கமாகி வேறு தொல்லையில் விடும்.

நம் தொழிலில் இன்னொரு பயம் உண்டு. "அவருக்கு மனசு சரியில்லையாம்" என்ற பேச்சு பரவினால் சரக்குக் கடன் நின்றுவிடும். மொத்த வியாபாரிகளான நாமே அப்படிச் செய்திருக்கிறோம், மறுப்பதற்கில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளி பற்றிய செய்தியை இரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்கிறது. உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் கூறுகிறது. சட்டம் இருந்தாலும் நாக்கைக் கட்ட வேண்டியவர்கள் நாம்தான்.

ஆகவே சங்கங்களுக்கு நம் வேண்டுகோள் இது. அடுத்த முகாமில் மாவட்ட மனநலத் திட்டத்தினரையும் அழையுங்கள். மறைவான தனி அறை கொடுங்கள். விரும்பியவரிடம் மட்டும் கேளுங்கள். விடைத்தாள் அவரவர் கையிலும் மருத்துவரிடமும் மட்டும் இருக்கட்டும். சங்க அலுவலகத்தில் வேண்டாம். கடை ஊழியர்களையும் வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள். முகாம் வரை பொறுக்க முடியாதவர்கள், 2022-இல் தொடங்கப்பட்ட டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

சரக்கில் வண்டு விழுந்ததா என்று மூட்டையைப் பிரித்துப் பார்க்கிறோம். நம்மையும் அப்படி ஒருமுறை பார்த்துக் கொள்வதில் வெட்கம் எதற்கு? பாக்கி கேட்டு ஆள் அனுப்பும் முன், "உடம்பு, மனசு எப்படி இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்போம்.